பைல் பகிர்வில் விண்டோஸ், மேக், லினக்ஸ்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

கொழும்பு ஆமர் வீதிப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்துக்குள் நுழைந்தால் காட்சி பெரும்பாலும் இதுதான். கணக்குப் பார்ப்பவரிடம் விண்டோஸ் கணினி, டிசைன் மேசையில் மேக், மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு நாஸ் பெட்டி (எல்லாரும் பைல் போட்டுவைக்கும் பொதுச் சேமிப்பகம்). மூன்றும் ஒரே சுவிட்சில். காலையில் யாராவது "அண்ணா, சேர்வர் தெரியுதில்லை" என்று குரல் கொடுத்ததும் பட்டிமன்றம் தொடங்கும். மேக்காரர் விண்டோஸைத் திட்டுவார், விண்டோஸ்காரர் மேக்கைத் திட்டுவார். லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால் இரண்டையும் திட்டுவார்.

இந்த மதிப்பீடு அந்தப் பட்டிமன்றத்துக்காக. விலை, அழகு, வேகம் எதையும் பார்க்கவில்லை. ஒரே அறையில் பல கணினிகள் ஒரு போல்டரைப் பங்குபோடும்போது எந்தத் தளத்தின் நெறிமுறையை (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி) நம்பலாம் என்பது மட்டுமே கேள்வி. எடுத்துக்கொண்டவை விண்டோஸ் 11 (24எச்2), மேக்ஓஎஸ் 15 செக்கோயா, உபுண்டு 24.04.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பைல்களை வைத்திருக்கும் இடமாக லினக்ஸ்தான் (லினக்ஸை விண்டோஸின் மொழியில் பைல் பகிர வைக்கும் சாம்பா என்ற மென்பொருள் ஓடும் எந்த நாஸும் இதில் அடக்கம்). திறந்து வேலை செய்யும் இடமாக விண்டோஸ் ஒரு படி மேல். மேக் நல்ல விருந்தாளி, ஆனால் போகிற இடமெல்லாம் எதையாவது விட்டுவிட்டு வரும். மூன்றுக்கும் பொது மொழி எஸ்எம்பி 3 என்ற பைல் பகிர்வு நெறிமுறை. மற்றதெல்லாம் விசேட தேவைக்கு.

எங்கே சண்டை இல்லை

தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற அடித்தளம் மூன்றிலும் ஒன்றுதான். பக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் திரும்ப அனுப்புவது, வரிசை பிசகினால் அடுக்கிக் கொடுப்பது எல்லாம் 1981 இல் எழுதிவைத்த விதிப்படி மூன்றுமே ஒழுங்காகச் செய்யும். 80களில் நிலைமை வேறு. அப்பிளுக்கு அப்பிள்டோக், நொவெலுக்கு ஐபிஎக்ஸ், மைக்ரோசொப்டுக்கு நெட்பியூஐ என்று ஆளுக்கொரு மொழி. லோக்கல்டோக் வயரில் வினாடிக்கு 230.4 கிலோபிட்தான் ஓடும். "மேக் நெட்வேர்க் சத்தம் போடும்" என்ற பழிச்சொல் அந்தக் காலத்துச் சொத்து. 2009 இல் வந்த மேக்ஓஎஸ் 10.6 உடன் அப்பிள்டோக் போய்விட்டது. அந்தப் பழிச்சொல்லை இன்னும் காவித் திரிவதில் அர்த்தமில்லை.

இன்றைய வேறுபாடெல்லாம் டிசிபிக்கு மேலே: பெயரைக் கண்டுபிடிப்பது, உள்ளே விடுவது, பைலைப் பூட்டுவது, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது. அறைக்குள் வரும் முறைப்பாட்டில் பெரும் பங்கு முதலாவதைப் பற்றியது.

தெரியுதில்லை வேறு, திறக்குதில்லை வேறு

விண்டோஸின் நெட்வேர்க் பட்டியல் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற முறையில் (யுடிபி 3702 ஆம் கதவு) அயலவரைத் தேடும். மேக்கின் பைன்டர் பொன்ஜூர் முறையில் (யுடிபி 5353) தேடும். பழைய விண்டோஸும் பழைய போட்டோக்கொப்பி மெஷினும் நெட்பயோஸில் (யுடிபி 137) கூப்பிடும். ஒரே தெருவில் ஒருவர் தமிழிலும் ஒருவர் சிங்களத்திலும் இன்னொருவர் மலேயிலும் விலாசம் கேட்பதுபோலத்தான். வீடு அங்கேயே இருக்கிறது. கேட்ட மொழியில் பதில் சொல்ல ஆள் இல்லை.

வெறும் சாம்பாவை நிறுவிய லினக்ஸ் கணினி நவீன விண்டோஸின் பட்டியலில் தானாக வராது. அதற்கு டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு சேவை தனியாக ஓட வேண்டும். மேக்கில் தெரிய அவாஹி என்ற சேவை ஓட வேண்டும். கடையில் வாங்கும் நாஸ் பெட்டிகளில் இரண்டுக்கும் அமைப்புப் பக்கத்தில் தெரிவு உண்டு. அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

ஆக, "தெரியுதில்லை" என்றதும் முதலில் செய்யவேண்டியது பட்டியலை மறந்துவிட்டு நேரே ஐபி இலக்கத்தை அடிப்பது. விண்டோஸில் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்று நாஸின் இலக்கத்தைக் கொடுங்கள். மேக்கில் பைன்டரைத் திறந்து கொமாண்ட்-கே அழுத்தி, எஸ்எம்பி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் போட்டு அதே இலக்கத்தைச் சேருங்கள். திறந்தால் நெறிமுறையில் பிழையில்லை, விலாசம் சொல்லும் சேவைதான் படுத்திருக்கிறது. திறக்காவிட்டால்தான் உண்மையான தேடலைத் தொடங்க வேண்டும்.

இதற்கு நாஸின் ஐபி மாறாமல் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. பைபர் இணைப்போடு வரும் ரவுட்டரில் இலக்கத்தை ஒதுக்கி வைப்போம். ஒருநாள் இடி விழுந்து ரவுட்டர் போய், தொழில்நுட்பவியலாளர் வந்து புதியதை மாட்டிவிட்டுப் போவார். ஒதுக்கியதெல்லாம் போய்விடும், சிலவேளை 192.168.1 என்ற வரிசையே 192.168.8 ஆகிவிடும். நாஸில் நிலையான இலக்கம் போட்டிருந்தால் அது பழைய தெருவிலேயே நின்றுகொண்டிருக்கும். நல்ல வழி, கம்பனி ரவுட்டருக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்து அலுவலகம் முழுவதையும் அதற்குக் கீழ் கொண்டுவருவது. முன்னால் எது மாறினாலும் உள்ளே எதுவும் மாறாது. ஆனால் அதன்பிறகு கம்பனி ரவுட்டரின் வைபையை யாரும் பாவிக்கக் கூடாது. அதில் தொங்கும் மடிக்கணினிக்கு இணையம் வரும், உள்ளே இருக்கும் நாஸ் வராது.

செக்கோயா மேக்கில் இன்னொன்று. வைபைக்குத் தனிப்பட்ட முகவரி என்ற வசதி கணினியின் வன்பொருள் முகவரியை (எம்ஏசி) மாற்றிக் காட்டக்கூடும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒதுக்கிய இலக்கம் அப்போது பொருந்தாது. அலுவலக வைபைக்கு மட்டும் அதை "ஓஃப்" அல்லது "பிக்ஸ்ட்" என்று வையுங்கள்.

விண்டோஸ்: திறக்கத் தெரிந்தது, திறந்துவிடத் தெரியாதது

எஸ்எம்பி 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பிறந்தது. ஆனால் வளர்த்தது மைக்ரோசொப்ட். அதனால் அந்த மொழி விண்டோஸுக்குத் தாய்மொழி மாதிரி. எக்செல் பைலை ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவருக்கு "பூட்டப்பட்டிருக்கிறது, இன்னார் பாவிக்கிறார்" என்று காட்டுவது, தொடர்பு சற்று அறுந்து வந்ததும் திறந்த பைலை விட்ட இடத்தில் பிடிப்பது, இவற்றில் விண்டோஸை மிஞ்ச ஆளில்லை. கொஞ்ச நேரம் பாவிக்காத ட்ரைவில் சிவப்புப் புள்ளடி விழுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பகிரும் கணினி விண்டோஸாக இருந்தால் 15 நிமிடம் சும்மா இருந்த தொடர்பை அது வெட்டிவிடும், கிளிக் செய்ததும் திரும்ப வரும்.

சிக்கல், ஒரு சாதாரண விண்டோஸ் கணினியையே சேர்வர் ஆக்கும்போது. ஒரே நேரத்தில் 20 தொடர்புக்கு மேல் விடாது. அதைவிட, அப்டேட் போட்டு நடுப்பகலில் மறுதொடக்கம் கேட்கும். எட்டுப் பேர் வேலை செய்யும் கணக்குப் பைலை அதில் வைப்பது தேவையில்லாத வீரம்.

வழமையாக வரும் கோளாறுகள் நான்கைந்துதான். ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அந்த நெட்வேர்க்கைப் "பப்ளிக்" என்று எடுத்துக்கொள்ளும், தீச்சுவர் பகிர்வை மூடிவிடும். 80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் முதலில் செட்டிங்ஸ், நெட்வேர்க், ஈதர்நெட் வழியே போய் "பிரைவேட்" ஆக்குங்கள். அடுத்தது கடவுச்சொல். தினமும் நாலு இலக்கப் பின் கொடுத்து உள்ளே போகிறவர், இன்னொரு கணினியிலிருந்து தன் ஷெயார் போல்டரைத் திறக்கும்போதும் அதே பின்னை அடிப்பார். பின் அந்தக் கணினிக்கு மட்டும்தான் செல்லும். வலையமைப்பில் மைக்ரோசொப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பில் விடவே விடாது.

பிழை எண் 1219 பலரைக் குழப்பும். ஒரே சேர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் போக விண்டோஸ் அனுமதிக்காது என்பதுதான் அதன் பொருள். கணக்குப் போல்டரை "கணக்கு" என்ற பெயரில் திறந்துவிட்டு, முகாமையாளர் போல்டரை வேறு பெயரில் திறக்கப் போனால் மறுக்கும். கிரெடென்ஷியல் மனேஜரில் பழைய பதிவை அழித்துவிட்டு, கணினிக்கு வெளியே போய் உள்ளே வாருங்கள். அவசரத்துக்கு ஒன்றைப் பெயராலும் மற்றதை ஐபியாலும் திறக்கலாம், இரண்டும் இரண்டு சேர்வர் என்று விண்டோஸ் நம்பிவிடும்.

கடைசியாக 24எச்2. இந்தப் பதிப்பின் ப்ரோவில் இரண்டு மாற்றம்: எஸ்எம்பி கையொப்பம் (தரவை வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) கட்டாயம், கெஸ்ட் நுழைவு மூடல். பயனர் பெயரே வைக்காமல் "எல்லாருக்கும் திற" என்று விட்டிருந்த பழைய நாஸ்கள், அப்டேட் போட்ட அடுத்த நாள் காலை திறக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். குரூப் பொலிசியில் போய் இரண்டையும் அணைக்கச் சொல்லும் காணொளிகள் தாராளம். செய்யாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்கப் பத்து நிமிடம் போதும். கையொப்பம் தெரியாத அளவுக்குப் பழைய பெட்டி என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மேக்: விருந்தாளியின் பழக்கங்கள்

அப்பிளின் சொந்த நெறிமுறை ஏஎஃப்பி. டிசிபி 548 ஆம் கதவு. 2013 இல் மாவரிக்ஸ் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்தபோதே அப்பிள் எஸ்எம்பி 2ஐ முதல் தெரிவாக்கிவிட்டது. 2020 இல் பிக் சேர் பதிப்பு ஏஎஃப்பியில் பகிரும் வசதியை எடுத்துவிட்டது. செக்கோயா 15.5 இல் ஏஎஃப்பியில் இணையும் வசதியும் கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆகவே "மேக்குக்கு ஏஎஃப்பிதான் பத்திரம்" என்ற பழைய அறிவுரையை இனி எடுக்க வேண்டாம்.

மேக்கின் எஸ்எம்பி இப்போது வேலைக்கு உகந்தது. குறை, அதன் பழக்கவழக்கம். திறந்த போல்டர்களில் டிஎஸ்_ஸ்டோர் என்ற மறைபைலைப் போட்டுவிட்டு வரும். பைலின் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த இரட்டைப் பைலும் சிலவேளை முளைக்கும். விண்டோஸ்காரர் இதைப் பார்த்து வைரஸ் என்று அழிப்பார், மேக் பக்கம் நிறக்குறி போய்விட்டது என்று முறையிடும். தீர்வு சேர்வரில்: சாம்பாவின் "புரூட்" தொகுதியை இயக்கினால் இந்த உபரித் தகவல் தனிப் பைலாக வராமல் பைலோடேயே ஒட்டிக்கொள்ளும். தொகுதிகளை கற்றியா, புரூட், ஸ்ட்ரீம்ஸ்_எக்ஸ்அட்டர் என்ற இந்த வரிசையில் எழுதுவது முக்கியம். ஒரு ஷெயாருக்குப் போட்டு மற்றதுக்கு விடவும் கூடாது. மேக் முதலில் இணையும் ஷெயாரில் புரூட் இல்லையென்றால், அந்த சேர்வர் முழுவதற்கும் இது கிடையாது என்று முடிவுகட்டிவிடும். சாம்பா அமைப்புப் பைலின் பொதுப் பகுதியிலேயே எழுதுங்கள். கடை நாஸ்களில் "மேக் இணக்கம்" என்ற மாதிரி ஒரு தெரிவு இருக்கும், அதுவே இது.

மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் பகிர்வதென்றால் பைல் ஷெயாரிங்கைப் போட்டால் மட்டும் போதாது. ஒப்ஷன்ஸ் உள்ளே போய் "விண்டோஸ் பைல் ஷெயாரிங்" என்ற பகுதியில் அந்தப் பயனருக்குச் சரி அடையாளம் போட்டுக் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியான கடவுச்சொல்லையே பிழை என்று விண்டோஸ் திருப்பித் திருப்பிச் சொல்லும்.

மேக் உறங்கினால் தொடர்பும் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர், நாஸிலிருந்தே திறந்த இன்டிசைன் பைலை மூடாமல் போனால், திரும்பி வரும்போது பூட்டுப் பைல் மட்டும் மிஞ்சியிருக்கும், வேறு யாராலும் திறக்க முடியாது. போட்டோஷொப்பை உள்வட்டில் மட்டுமே ஆதரிப்பதாக அடோபியே சொல்கிறது. பைலை மேசைக்கு இழுத்து, வேலை முடிந்ததும் நாஸுக்குத் திருப்பிப் போடும் பழக்கம் பழையதாகத் தெரியலாம். அதுதான் சரி.

லினக்ஸ், அதோடு என்எஃப்எஸ்

1991 இறுதியில் கன்பெராவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் எஸ்எம்பியை வயரில் ஓடும் பக்கெட்டுகளைப் பார்த்தே பிரித்தறிந்து எழுதத் தொடங்கியதுதான் சாம்பாவின் கதை. இன்று நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் வயிற்றில் அதுவே ஓடுகிறது. சேர்வர் வேலைக்கு அதை விட்டால் இந்த அளவு அலுவலகத்துக்கு வேறு தேடத் தேவையில்லை. மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும், மூன்று தளங்களுக்கும் அவரவர் மொழியில் பதில் சொல்லும்.

லினக்ஸ்காரர்கள் மார்தட்டும் என்எஃப்எஸ் என்ற பகிர்வு நெறிமுறை (சண் நிறுவனம், 1984) வேறு வகை. சேர்வர் போய்விட்டால் "ஹார்ட்" முறையில் இணைத்த கணினி காத்துக்கொண்டே நிற்கும். நிரல் உறைந்துவிடும், சிலவேளை கொல்லக்கூட முடியாது. பார்ப்பவருக்கு இது கோளாறு. உண்மையில் இதுதான் அதன் நேர்மை: சேர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து எழுதும், ஒரு பைட் தொலையாது. "சொப்ட்" முறை உடனே பிழை சொல்லிவிட்டு நகரும், அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் பாதி எழுதிய பைலை முழுப் பைல் என்று விட்டுவிடும். எழுதும் இடத்துக்கு ஹார்ட் தான்.

ஆனால் கலப்பு அலுவலகத்துக்கு என்எஃப்எஸ் தோதல்ல. பயனரைப் பெயரால் அல்ல, இலக்கத்தால் அறிகிறது. உபுண்டுவின் முதல் பயனர் 1000, மேக்கின் முதல் பயனர் 501. மேக்கில் சேமித்ததை லினக்ஸ் "உன்னுடையதல்ல" என்று மறுக்கும். விண்டோஸ் ப்ரோவில் என்எஃப்எஸ் 3 வரைதான் உண்டு, ஹோமில் அதுவும் இல்லை. இரண்டு லினக்ஸ் கணினிகளுக்கிடையே என்றால் பாவியுங்கள்.

லினக்ஸ் மடிக்கணினியில் நாஸைத் தொடக்கத்திலேயே இணைக்கும்படி எஃப்எஸ்டாப் என்ற அமைப்புப் பைலில் எழுதுகிறவர்கள் நோபெயில், ஒட்டோமவுன்ட் இரண்டையும் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நாஸ் அணைந்திருக்கும் காலையில் 90 வினாடி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும், சிலவேளை மீட்புத் திரைக்கே போய்விடும்.

கொழும்பு என்று எழுதிப் பாருங்கள்

தமிழில் பைல் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் வரும் சோதனை இது. "கொழும்பு" கண்ணுக்கு நாலு எழுத்து. யுனிகோடில் 8 குறியீடு, யுடிஎஃப்-8 இல் 24 பைட். இதில் "கொ" வின் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். இரண்டாக என்றால் 9 குறியீடு, 27 பைட். திரையில் அணுவளவும் வித்தியாசம் தெரியாது.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு இதைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் அடித்தபடி சேர்த்துச் சேமிக்கும். எஸ்எம்பி வழியே போகும்போது மேக் பொதுவாகச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடும். என்எஃப்எஸ், ஆர்சிங்க் என்ற பிரதிக் கருவி, சிப் (சுருக்கிய பைல்) வழியே போனால் பிரிந்த வடிவம் அப்படியே நாஸில் இறங்கலாம். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே போல்டரில் இரண்டு "கொழும்பு" பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றைத் திறந்தால் பழையது, மற்றதைத் திறந்தால் புதியது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதே கதி: கோட்டை, தொழில், மௌனம். "சிலாபம்" தப்பிவிடும். நாஸில் கன்வ்எம்வி என்ற கருவியை ஓட்டிப் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஓட்டுமுன் பிரதி எடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று லினக்ஸும் விண்டோஸும் பிணங்குவதுபோல் தமிழில் இல்லை என்பது ஆறுதல்.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸ் வட்டுகளில் பைல் பெயரின் எல்லை 255 பைட், ஆங்கிலத்துக்கு 255 எழுத்து, தமிழுக்கு 85 குறியீடு. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால், அங்கே ஏற்ற நீண்ட பெயர் நாஸில் ஏறாது. சினோலஜி நாஸில் மறையாக்கம் செய்த போல்டரில் எல்லை இன்னும் குறுகி 143 பைட் ஆகும், அதாவது 47 குறியீடு. "வெள்ளவத்தை கோயில் தேர்த்திருவிழா அழைப்பிதழ் இறுதித் திருத்தம்" என்று ஒரு பிடிஎஃப்புக்குப் பெயர் வைத்தால் இடைவெளியும் விகுதியும் சேர்த்து 177 பைட். சாதாரண போல்டரில் போகும், மறையாக்கிய போல்டரில் போகாது. வரும் பிழைச் செய்தியோ அனுமதி இல்லை, இடம் இல்லை என்று எதையாவது உளறும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தலைப்பை அப்படியே சேமிப்புப் பெட்டியில் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாமினியின் "ஈ" உண்மையில் சிறிது என்ற கணிதக் குறி. விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது. மேக் ஏற்கும், பிறகு விண்டோஸில் அது கட்டமாகத் தெரியும்.

வயரும் கரண்டும்

தளத்தின் மேல் விழும் பழியில் நல்ல பங்கு வயருக்குரியது. கிகாபிட் இணைப்புக்கு எட்டு இழையும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு போதும். மற்ற நாலில் ஓர் இழை முறிந்தால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கிகாபிட்டில் வினாடிக்கு 110 மெகாபைட் அளவில் போகும் பைல் 11 இல் ஊர்ந்துபோகும். 2 கிகாபைட் போட்டோஷொப் பைலுக்கு 20 வினாடி போய் 3 நிமிடம். "மேக் ஸ்லோ" என்ற தீர்ப்பு அங்கே எழுதப்படும். சுவிட்சின் விளக்கு நிறத்தைப் பாருங்கள், பெரும்பாலான சுவிட்சுகளில் கிகாபிட்டுக்கும் 100க்கும் வேறு நிறம். காலி வீதியின் கடற்பக்கக் கட்டடங்களில் உப்புக் காற்று முனைகளை அரிக்கும், வருடத்துக்கொருமுறை நுனியை வெட்டிப் புதிதாக அடிப்பது நட்டமில்லை.

புறக்கோட்டையில் பெட்டி வயர் வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலே பாரம் குறைவு. நாலைந்து மீற்றருக்கு ஓடும், சுவருக்குள் 40 மீற்றர் இழுத்தால் பிழை வரத் தொடங்கும், வளைத்த இடத்தில் முறியும். முழுச் செம்பு, கட் 5ஈ போதும், 100 மீற்றர் வரை கிகாபிட் தாங்கும்.

கரண்ட் விசயத்தில் பலரும் விடும் பிழை, நாஸுக்கு யுபிஎஸ் கொடுத்துவிட்டு சுவிட்சைச் சுவரில் சொருகுவது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அப்படி ஒரு நொடியில் மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், நாஸ் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் சுவிட்ச் செத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கணக்குப் பைல் பாதியில் நிற்கும். ஜெனரேட்டர் வந்து சுவிட்ச் முழுதாக எழும்ப அரை நிமிடம் போகும். இந்தக் குறுகிய அறுபடலை எஸ்எம்பி 2, 3 இரண்டும் சமாளிக்க முயலும், சேர்வர் உயிரோடிருந்தால். மைக்ரோசொப்ட் அக்சஸ் மாதிரி ஒரே பைலில் பலர் எழுதும் தரவுத்தளம் சமாளிக்காது. அது வைபையில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நாஸ், சுவிட்ச், ரவுட்டர், பைபர் பெட்டி நாலும் சேர்ந்து 40 வோட் அளவுதான் இழுக்கும். 650 விஏ யுபிஎஸ் ஒன்று அரை மணி நேரம் தாங்கும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரை நாஸில் செருகி, பற்றரி குறைந்ததும் தானாக அணையும்படி அமையுங்கள். அந்த யுஎஸ்பி வயர் பெட்டிக்குள்ளேயே கிடப்பதுதான் வழமை. யுஎஸ்பி வாயே இல்லாத மலிவு யுபிஎஸ்ஸும் உண்டு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

பழைய போட்டோக்கொப்பி மெஷினும் பழைய டைம் கப்சூலும்

ஸ்கான் செய்ததை நேரே போல்டருக்கு அனுப்பும் பழைய மெஷின்களில் பலதுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். 2017 மே மாதம் உலகைப் பிடித்த, கப்பம் கேட்கும் வன்னாகிரை தீநிரல் புகுந்தது அந்தக் கதவால்தான். அதே ஆண்டு முடிவதற்குள் விண்டோஸ் 10 எஸ்எம்பி 1ஐ நிறுவாமல் வரத் தொடங்கியது. மெஷின்காரர் வந்து "இதை ஒன் பண்ணினால் சரி" என்று கணக்குக் கணினியில் எஸ்எம்பி 1ஐப் போட்டுவிட்டுப் போவார். விடாதீர்கள். முதலில் மெஷினுக்குப் புதிய மென்பொருள் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாஸில் ஸ்கானுக்கென்று தனிப் போல்டர், தனிப் பயனர், எஃப்டிபி என்ற பழைய பைல் அனுப்பும் நெறிமுறை. அந்தப் பயனருக்கு வேறெந்தப் போல்டரும் தெரியக் கூடாது. அல்லது மின்னஞ்சலுக்கு ஸ்கான்.

மேக் பாவனையாளருக்கு இதே கதை டைம் கப்சூலில் (உள்ளே வட்டோடு வந்த அப்பிள் ரவுட்டர்). அப்பிள் 2018 இல் நிறுத்திய அந்த வெள்ளைப் பெட்டி ஏஎஃப்பியும் எஸ்எம்பி 1உம் மட்டுமே பேசும். இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம். மேக்கின் டைம் மெஷின் எடுக்கும் காப்புப் பிரதியை நாஸில் எஸ்எம்பி வழியே எடுக்கலாம், சாம்பா 4.8 முதல் அதற்கு வசதி உண்டு. அந்தப் போல்டருக்கு மேக்கின் வட்டைப்போல் இரண்டு மடங்கு அளவில் ஒரு கோட்டா (உச்ச வரம்பு) வையுங்கள். வைக்காவிட்டால் டைம் மெஷின் நாஸ் நிரம்பும்வரை நிறுத்தாது, அதன்பிறகு கணக்குப் பைல் சேமிக்க இடம் இருக்காது.